தொழுகைக்கு ஒரு கதிரை

கிண்ணியா
8 ஏப்ரல் 2025

தங்கச்சி ஷிஃபானாவுக்கு ராத்தா உம்மு குல்சும் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். சலாம் சொல்வது கடமை என்பதால் சொல்கிறேன். கோபம் அப்படியேதான் இருக்கிறது.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். சிரி. போனில் கதைத்தால் நீ அழத் தொடங்குவாய், நான் கத்தத் தொடங்குவேன், பிள்ளை கதவடியில் நின்று எல்லாவற்றையும் கேட்கும். பெருநாள் அன்று நடந்தது போதும். ஓட்டோ ஆதம்பாவா தினமும் டவுனுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு வருகிற மனுஷன்தானே, அவரிடம் இதைக் கொடுத்து விடுகிறேன். கூடவே ஒரு சின்னப் பெட்டியும் தருவார். அதற்குள் இருப்பது நீ றிஷானாவுக்குச் செய்வித்த கண்ணாடி.

என் பிள்ளைக்குக் கண்ணாடி போட நீ யார்?

டவுன் பள்ளிக்கூடத்தில் படிக்கட்டும், என் வீட்டில் நிற்கட்டும் என்று நீதான் கேட்டாய். உனக்குப் பிள்ளை இல்லை, இன்ஷாப் மச்சான் கடைக்குப் போனால் வீடு வெறிச்சென்று கிடக்கிறது என்று நானும் இரக்கப்பட்டு அனுப்பினேன். இரண்டு வருஷத்தில் அவள் உன்னைப் போலவே முக்காடு போடுகிறாள். உன்னைப் போலவே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். சீனி போடாமல் பிளேன்டீ குடிக்கிறாள், "சாச்சி இப்பிடித்தான் குடிக்கிற" என்று எனக்கே பாடம் எடுக்கிறாள். போன தரம் டவுன் புடவைக் கடையில் அந்தக் கடைக்காரன் உன்னையும் அவளையும் பார்த்து, "உம்மாவும் மகளும் ஒரே அச்சு" என்றான். நான் பக்கத்தில் பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். என்னை வேலைக்கு வந்த மனுஷி என்று நினைத்திருப்பான். நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உயரம் உன்னுடையது, நீட்டு விரல் உன்னுடையது, எல்லாம் சரி. குறையாக இருந்தது உன் சோடாப் போத்தல் கண்ணாடி ஒன்றுதான். அதையும் போட்டுவிட்டாய். நாளைக்குக் கலியாணம் பேச வருகிறவர்கள் என்ன கேட்பார்கள் என்று யோசித்தாயா?

கதிரை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நோன்பில் இங்கே வந்து நின்ற நாட்களில் நீ இரவில் தராவீஹ் தொழக் கதிரை கேட்டாய். முட்டு வலிக்கிற கிழவிகள் எல்லாம் நெற்றியை நிலத்தில் வைத்து ஸுஜூது செய்ய, நீ ராணி மாதிரிக் கதிரையில் இருந்து தலையை மட்டும் ஆட்டினாய். தொழுது முடிந்ததும் பொம்பளைகள் எல்லாம் உன்னைச் சுற்றி, "பாவம், என்ன வருத்தம் தங்கம்?" என்று கஞ்சிக் கோப்பையும் கையுமாக நின்றார்கள். நான் இடுப்பு வலியோடு அதே வரிசையில்தான் நின்றேன். என்னை எந்தத் தங்கம் கேட்டது? அதனால்தான் பெருநாள் சாப்பாட்டில் எல்லாருக்கும் முன்னால், "அவவுக்குக் கதிரை இருந்தாத்தான் அல்லாஹ் தெரிவானாம்" என்று சொன்னேன். சொன்னதை வாபஸ் வாங்க மாட்டேன்.

றிஷானா இனி இங்கேதான் படிப்பாள்.

உன் ராத்தா
உம்மு குல்சும்

உன் வட்டிலப்பச் சட்டியும் இங்கேதான் இருக்கிறது. அதையும் அனுப்ப நினைத்தேன். நல்ல சட்டி, இருக்கட்டும்.


திருகோணமலை
15 ஏப்ரல் 2025

அன்புள்ள ராத்தாவுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

கடிதம் கிடைத்தது. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு வாசித்தேன். இதைக்கூட நடிப்பு என்பீர்கள்.

அந்தக் கதிரையைப் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். நீங்கள் சபையில் வைத்துச் சொன்ன பிறகு மறைத்து என்ன? நான் நெற்றியை நிலத்தில் வைக்கும்போது வலது கண்ணுக்குள் ஏதோ நழுவி முன்னுக்கு வருகிறது, ராத்தா. தண்ணீரில் மிதக்கிற எண்ணெய்த் துளி மாதிரி. அதற்குப் பிறகு புருவத்துக்கு மேல் இடி இடிக்கும், வாந்தி வரும். மல்லாக்கப் படுத்துக் கிடந்தால் கொஞ்சத்தில் போய்விடும். கதிரையில் இருந்து தொழுத நாட்களில் அது வரவில்லை. அவ்வளவுதான் என் ராணித்தனம்.

இங்கே எங்கள் மாடியில் நின்றால் துறைமுகம் தெரியும் அல்லவா? மஃரிப் தொழுது இருட்டியதும் கப்பல்களில் லைட் போடுவார்கள். சில நாட்களில் ஒவ்வொரு லைட்டைச் சுற்றியும் எனக்கு வானவில் வட்டம் தெரிகிறது. முதலில் வடிவாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நாட்களில்தான் தலை பிளக்கிறது என்று பிறகு விளங்கியது. ஒற்றைத் தலைவலி என்று குளிசை போடுகிறேன். இவரிடம் முழுவதும் சொல்லவில்லை. பிள்ளைதான் இல்லை, இப்போது கண்ணும் இல்லையா என்று இவருடைய ஆட்கள் கதைப்பார்கள். அந்தக் கதையைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

இனிக் கண்ணாடி. றிஷானாவுக்குப் போர்டில் எழுதுவது தெரியவில்லை. கொப்பியை மூக்கில் ஒட்டிக்கொண்டு எழுதுகிறாள். பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போன இடத்தில் ரீச்சர் சொன்னா, "உங்கட மகளுக்குக் கண்ணை ஒருக்காக் காட்டுங்கோ." நான் ஓம் என்றேன். மகள் இல்லை, ராத்தாவின் மகள் என்று திருத்தவில்லை. வேண்டுமென்றேதான் திருத்தவில்லை. ஒரு பின்னேரம் முழுவதும் நான் ஒரு பிள்ளைக்கு உம்மாவாக இருந்தேன், போதுமா?

நீங்கள் என்மேல் பொறாமைப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. உம்மாவின் வீடு உங்களுக்கு. கலகலவென்று கதைக்கிற ஜவ்பர் மச்சான் உங்களுக்கு. பிள்ளையும் உங்களுக்கு. எனக்கு மூன்று தரம் உண்டாகி மூன்றும் தங்கவில்லை. நீங்கள் றிஷானாவுக்குத் தலை வாரும்போது அவள் "நோகுது உம்மா" என்று சிணுங்குவாள். அதைக் கேட்க ஏலாமல் நான் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவேன். அவளை என்னிடம் விட்ட இரண்டு வருஷமும் அவள் என்னிடம் ஒரு நாளும் அப்படிச் சிணுங்கியதில்லை. என்னோடு மரியாதையாகத்தான் இருந்தாள்.

கண்ணாடியைத் திருப்பி அனுப்புகிறேன். தயவுசெய்து போட விடுங்கள். என்மேல் உள்ள கோபத்தைப் பிள்ளையின் கண்ணில் காட்ட வேண்டாம்.

ஷிஃபானா

சட்டியை வைத்துக்கொள்ளுங்கள். அது உங்களிடமிருந்து நான் எடுத்து வந்த சட்டிதான்.


கிண்ணியா
28 ஏப்ரல் 2025

ஷிஃபானா,

எண்ணெய்த் துளியாம், வானவில்லாம். நல்லாக் கதை எழுதுகிறாய். பேப்பருக்கு அனுப்பியிருக்கலாம்.

எனக்குப் பொறாமை என்று எழுதியிருக்கிறாய். ஓம், பொறாமைதான். ஏன் என்று கேட்டாய், சொல்கிறேன். ஜவ்பர் மச்சானுக்குப் பெண் பேசி மாமி நம்முடைய வீட்டுக்கு வந்த அன்று என்னைக் கேட்கவில்லை. "உயர்ந்த பிள்ளையத் தாங்கோ" என்றுதான் கேட்டா. வாப்பா, மூத்தவள் இருக்க இளையவளைத் தர ஏலாது என்று சொன்னதால்தான் நான் அந்த வீட்டு மருமகள். சொந்த மாமிதான், வாப்பாவின் கூடப் பிறந்த தங்கச்சிதான். கலியாணத்தன்று எனக்கு மாலை போடும்போதும் என் தலைக்கு மேலால் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தா. நான் குள்ளம் என்பதால் அது அவவுக்கு வசதியாக இருந்தது.

போன கிழமை மச்சான் கடலுக்குப் போய் வந்து முதல் கேட்டது என்ன தெரியுமா? "ஷிஃபானாட தலைவலி சுகமாமா?" என் இடுப்பு பத்து வருஷமாக வலிக்கிறது.

கண்ணாடியை அலுமாரியில் சாரிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். எடுத்து உடைக்கவில்லை, அதுவரைக்கும் நல்ல மனுஷிதான் நான். றிஷானா கேட்டாள். துலைந்துபோயிற்று என்று சொன்னேன். நேற்றுக் கிணற்றடியில் வாளி தடக்கி விழுந்து முழங்கால் தோல் உரிந்துவிட்டது. பார்த்து நடக்க வேண்டும், வானத்தைப் பார்த்து நடந்தால் விழாமல் என்ன செய்யும்?

இன்னொன்று. அவளும் இப்போது ஸுஜூதிலிருந்து எழும்பும்போது கண்ணைக் கசக்குகிறாள். "மங்கலா இருக்கும்மா" என்கிறாள். உன்னைப் பார்த்துப் பழகினதுதான். நாளைக்கு அவளும் கதிரை கேட்பாள். கேட்டால் இரண்டு போடு போடுவேன்.

ஊரில் ஒன்றும் விசேஷம் இல்லை. மாங்காய் நிறையக் காய்த்திருக்கிறது. உனக்கு ஒன்றும் அனுப்பப்போவதில்லை.

குல்சும்


திருகோணமலை
19 மே 2025

ராத்தா,

வரி ஏறி இறங்கியிருந்தால் குறை பிடிக்காதீர்கள். ஒரு கண் கட்டியிருக்கிறது. மற்றதால்தான் எழுதுகிறேன். இவர் எழுதித் தருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். இது உங்களுக்கும் எனக்கும் இடையிலான விஷயம்.

உங்கள் கடைசிக் கடிதம் வந்த பிறகு நான் கதிரையை மடித்துச் சுவரில் சாத்தி வைத்துவிட்டேன். கதிரை இருந்தால்தான் அல்லாஹ் தெரிவானா என்று நீங்கள் கேட்டது காதுக்குள்ளேயே நின்றது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் லுஹர் தொழுகையில் நெற்றியை நிலத்தில் வைத்தேன். ராத்தாவைவிட நீளமாக ஸுஜூது செய்து காட்டுகிறேன் என்று ஒரு வீம்பு. அந்த அறையில் பார்க்க யாரும் இல்லை, அது வேறு விஷயம். எழும்பும்போது துளி முன்னுக்கு வந்தது. மல்லாக்கப் படுத்தேன். இந்தத் தரம் அது திரும்பிப் போகவில்லை.

அடுத்த நாளும் வாந்தி. வயிற்றுக்குத்தான் ஏதோ என்று இவர் இஞ்சிக் கோப்பி போட்டுத் தந்தார். பிறகு கண் செக்கச்செவேலென்று சிவந்து, இவருடைய முகமே புகைக்குள் இருக்கிற மாதிரி ஆனபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டொக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். நம்முடைய கண்ணுக்குள் ஒரு வில்லை இருக்கிறதாம். அதைச் சுற்றி நுண்ணிய நூல்கள் கட்டியிருக்கும், அந்த நூல்களில்தான் அது தொங்குமாம். எனக்கு அந்த நூல்கள் பிறவியிலேயே பலவீனம். கொஞ்சம் கொஞ்சமாக அறுந்து, வில்லை கழன்று ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. குனிந்தால் முன்னுக்கு வரும், மல்லாந்தால் பின்னுக்குப் போகும். அன்று முழுதாக முன்னுக்கு வந்து கண்மணியின் வாசலில் இறுகிவிட்டது. உள்ளே ஊறுகிற நீர் வெளியே போக வழியில்லை. அழுத்தம் ஏறி ஏறிப் பார்வை நரம்பை நசுக்கிவிட்டது. குளுக்கோமா என்றால் முதியவர்களுக்கு வருவது என்றுதான் நினைத்திருந்தேன். இப்படியும் வருமாம்.

ஒப்பரேஷன் செய்து வில்லையை எடுத்துவிட்டார்கள். வலி போய்விட்டது. வலது கண்ணில் வெளிச்சம் எது, நிழல் எது என்று தெரிகிறது. அதற்கு மேல் வராதாம்.

உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. சரி, கொஞ்சம் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் அதற்காக மட்டும் இல்லை. இனி நான் எழுதுவதைத் தயவுசெய்து ஓரிடத்தில் இருந்து வாசியுங்கள்.

டொக்டர் என் கையைப் பிடித்து விரல்களைப் பார்த்தார். உயரத்தைக் கேட்டார். "உங்கட உம்மாவும் வாப்பாவும் சொந்தக்காரரா?" என்றார். ஓம், மாமா மகனும் மாமி மகளும் என்றேன். இரத்தத்தில் ஒரு சத்து உடையாமல் தேங்குகிற வருத்தமாக இருக்கலாம் என்றார். உம்மா வாப்பா இரண்டு பேரிடமும் அது ஒளிந்திருந்தால்தான் பிள்ளைக்கு வெளியே வருமாம். இந்த உயரம், இந்த விரல், சின்ன வயதிலேயே தடித்த கண்ணாடி, எல்லாம் அதனுடைய அடையாளமாம். பிள்ளை தங்காததற்கும் அது காரணமாக இருக்கலாம் என்றார். ஊர் முழுக்க வடிவு வடிவு என்று சொன்னது இதைத்தான், ராத்தா.

பிறகு கேட்டார், "குடும்பத்தில உங்களை மாதிரி வேற ஆரும் இருக்கினமா?"

எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? சந்தோஷம். ஒரு நொடிதான். றிஷானா என்னுடையவள்தான், டொக்டரே கேட்கிறார் என்று ஒரு சந்தோஷம். அதற்குப் பிறகு பயத்தில் கட்டிலைப் பிடித்துக்கொண்டேன். நீங்களும் ஜவ்பர் மச்சானும்கூட மாமா மகள், மாமி மகன். அவள் கொப்பியை மூக்கில் ஒட்டிக்கொண்டு எழுதுகிறாள். ஸுஜூதிலிருந்து எழும்பும்போது மங்கலாக இருக்கிறது என்கிறாள். அவள் நடிக்கவில்லை.

நூல்கள் அறுபடுமுன் கண்டுபிடித்தால் வழி இருக்கிறதாம். சிலருக்கு விற்றமின் குளிசையிலேயே நிற்குமாம். உடனே கூட்டி வரச் சொன்னார். அதுவரைக்கும் நெற்றியை நிலத்தில் வைக்க விடாதீர்கள், பாரம் தூக்க விடாதீர்கள். கண்ணாடியை அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுங்கள்.

என்னோடு உள்ள கோபம் அப்படியே இருக்கட்டும். கோபத்தோடேயே கூட்டி வாருங்கள்.

ஷிஃபானா


கிண்ணியா
2 ஜூன் 2025

என் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை ஆதம்பாவா தந்தபோது குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். நீ சொன்னபடி இருந்து வாசித்தேன். மீனை அப்படியே போட்டுவிட்டு இன்னொரு தரமும் வாசித்தேன். றிஷானா வந்து, "என்னம்மா?" என்று கேட்டாள். நான் அலுமாரியைத் திறந்து கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன். துலைந்துபோயிற்று என்றீங்களே என்று அவள் கேட்கவில்லை. போட்டுக்கொண்டு என் முகத்தைப் பார்த்து, "உம்மா, உங்களுக்கு இவ்வளவு நரை முடியா?" என்றாள். அதைக் கேட்டு அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

நானும் மச்சானும் அவளை டவுனுக்குக் கூட்டி வந்தோம். உன் டொக்டரைத்தான் பார்த்தோம். கண்ணில் மருந்து விட்டு, இருட்டறையில் லைட் அடித்துப் பார்த்தார். இரண்டு வில்லையும் இடம் விட்டு அசைந்திருக்கிறதாம். ஆனால் நூல்கள் பாதிக்கு மேல் பிடித்துக்கொண்டிருக்கின்றன, அழுத்தம் ஏறவில்லை, நரம்பு நன்றாக இருக்கிறது என்றார். இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பியிருக்கிறார்கள். குளிசையை இப்போதே தொடங்கச் சொல்லிவிட்டார். மாதம் மாதம் வர வேண்டும். "நல்ல நேரத்தில கொண்டு வந்திருக்கிறீங்க" என்றார். நல்ல நேரம் யாருடைய கண்ணால் கிடைத்தது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வெளியே வந்து வாங்குப் பலகையில் இருக்கும்போது பிள்ளை கேட்டது, "எனக்கும் சாச்சிட வருத்தம்தானா?" ஓம் என்றேன். பயப்படுவாள் என்று பார்த்தால் முகம் மலர்ந்து, "அப்ப நான் உண்மையாவே சாச்சி மாதிரியா?" என்றாள். அந்த இடத்தில் எனக்கு வந்தது பொறாமைதான், ஷிஃபானா. வருத்தத்தில்கூட அவள் உன் பக்கம். இந்தக் குணம் என் எலும்புக்குள் இருக்கிறது போல. எந்த டொக்டர் எடுப்பார்?

உன்னைப் பார்க்க வராமல் போனேன் என்று நினைக்காதே. ஆதம்பாவாவின் ஓட்டோ உன் வீட்டு வாசலால் இரண்டு தரம் போனது. நீ மாடியில் கண்ணைக் கட்டிக்கொண்டு துறைமுகத்தைப் பார்த்தபடி நின்றாய். "இறங்குங்கோ ராத்தா" என்று அந்த மனுஷனும் சொல்லிப் பார்த்தார். எந்த முகத்தோடு இறங்குவது?

மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியாது, நீ அறிவாய். அதனால் இதுவரை யாருக்கும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். றிஷானா வயிற்றில் இருக்கும்போது ஒவ்வொரு தொழுகையிலும் நான் ஒரே துஆதான் கேட்டேன். யா அல்லாஹ், என்னைப் போல் குள்ளமாக வேண்டாம், ஷிஃபானாவைப் போல உயரமாக, அவளுடைய நீட்டு விரல்களோடு ஒரு பிள்ளையைத் தா என்று. அப்படி ஒரு பிள்ளை இருந்தால் மாமி என் தலைக்கு மேலால் பார்க்க மாட்டா என்று கணக்குப் போட்டேன். கேட்டதைக் கேட்டபடியே தந்துவிட்டான். இப்போது கண்ணை மட்டும் மாற்றித் தா என்று எந்த வாயால் கேட்பேன்? குளிசையாவது வேலை செய்யட்டும் என்று மட்டும் கேட்கிறேன்.

வீட்டில் அவளுக்குக் கதிரை போட்டாயிற்று. முதல் நாள் பக்கத்து வீட்டுப் பொம்பளை எட்டிப் பார்த்து, "இந்த வயசிலயே கதிரையா?" என்று நான் பெருநாள் அன்று சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தாள். நான் விட்ட சத்தத்துக்கு அவள் இனி ஒரு மாதம் இந்தப் பக்கம் வர மாட்டாள்.

சனிக்கிழமை ஹஜ்ஜுப் பெருநாள். இன்ஷாப் மச்சானையும் கூட்டிக்கொண்டு வா. வராவிட்டால் நானே வந்து இழுத்து வருவேன், இந்தத் தரம் ஓட்டோ நிற்கும். மாங்காய் பழுத்துவிட்டது, நல்லதை உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். வட்டிலப்பம் உன் சட்டியில்தான் அவிப்பேன்.

தொழுகிற அறையில் இரண்டு கதிரை போட்டு வைத்திருக்கிறேன். ஒன்று உனக்கு, ஒன்று அவளுக்கு. நடுவில் எனக்குப் பாய். நான் கீழே நெற்றியை வைத்து எழும்பும்போது இரண்டு பக்கமும் நீங்கள் இருப்பீர்கள், அங்கேயும் என்னைவிட உயரமாக.

உன் ராத்தா
உம்மு குல்சும்